கற்பாத்திரம் சொல்லும் சாட்சி

வரலாற்றுப் பாடத்தில் "மூலாதாரம்" என்ற சொல்லை நாம் அடிக்கடி கேட்கின்றோம். ஆனால் ஓர் அரசனின் பெயரை யாராவது வேண்டுமென்றே மறைத்துவிட்டால் உண்மையை எவ்வாறு அறிவது? இக்கேள்விக்கான விடையை நான் பண்டைய எகிப்தின் கற்பாத்திரங்களிலே கண்டேன்.

எகிப்தின் சக்காராவில் ஜோசர் மன்னனின் படிப் பிரமிட் உள்ளது. 1930களில் அதன் கீழுள்ள சுரங்கப் பாதைகளில் ஏறத்தாழ 40,000 கற்பாத்திரங்கள் கண்டெடுக்கப்பட்டன. கூரை இடிந்து விழுந்ததால் பெரும்பாலானவை உடைந்திருந்தன. வியப்பு என்னவெனில், பலவற்றில் ஜோசரின் பெயர் இல்லை. அவருக்கு முன் ஆண்ட முதலாம், இரண்டாம் வம்ச அரசர்களின் பெயர்களே இருந்தன.

இரும்புக் கருவி இல்லாத காலம் அது. கல்லின் வெளிப்புறத்தைக் கல்லாலேயே தட்டி உருவாக்கினர். உட்புறத்தை, பாரம் கட்டிய துளைகருவியைச் சுழற்றி, மணலிட்டுத் தேய்த்துக் குடைந்தனர். அக்கருவியின் உருவமே எகிப்திய சித்திர எழுத்தில் "கைவினை" என்ற சொல்லை எழுதப் பயன்பட்டது. இத்தனை உழைப்பில் உருவான பாத்திரத்தை எளிதில் வீசிவிட மனம் வருமா? அதனால் பின்வந்த அரசர்களும் அவற்றை உபயோகித்தனர்.

முதலாம் வம்சத்தைச் சேர்ந்த செமர்கெத், தமக்கு முன் ஆண்ட அட்ஜிப்பின் பெயரைச் சில பாத்திரங்களில் சுரண்டிவிட்டுத் தம் பெயரைப் பொறித்தார். அவர் அரியணையைப் பறித்தவர் என்று சில அறிஞர்கள் இதனைக் கொண்டு கருதினர். பழைய பாத்திரத்தை மீளப் பயன்படுத்துவது அக்கால வழக்கமே என்பது வேறு சிலரின் வாதம்.

ஆயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்கு மேல் கழிந்தபின், இரண்டாம் ராம்சேஸ் காலத்து அதிகாரி ஒருவரின் கல்லறையில் அரசர் பட்டியலொன்று செதுக்கப்பட்டது. அதில் அட்ஜிப் இருக்கிறார், காஆ இருக்கிறார், இடையில் ஆண்ட செமர்கெத் இல்லை! பிறர் பெயரை அழித்தவரின் பெயரே அங்கு விடுபட்டுப் போயிற்று.

அப்பட்டியலை மட்டும் நம்பினால் ஓர் அரசரை நாம் இழந்திருப்போம். ஆனால் சக்காராவில் கிடைத்த ஒரு பாத்திரத்தில் டென், அட்ஜிப், செமர்கெத், காஆ என நால்வரின் பெயர்களும் வரிசையாக உள்ளன. பின்னர் அபிடோசில், காஆவின் கல்லறையில் கிடைத்த களிமண் முத்திரைப் பதிவும் இதே வரிசையை உறுதிப்படுத்தியது.

தோழியரே, நான் இதிலிருந்து கற்றது இதுதான். ஒரு சான்றைப் பார்த்ததும் மூன்று கேள்விகள் கேட்க வேண்டும்: எழுதியவர் யார்? எப்போது எழுதினார்? வேறொரு சான்று இதனை ஆமோதிக்கின்றதா? பெற்றோரே, பிள்ளைகளை நூதனசாலைக்கு அழைத்துச் செல்லும்போது, பொறித்த எழுத்தோடு சுரண்டிய தடத்தையும் காட்டுங்கள். அதுவும் படிக்க வேண்டிய வரியே.