குறைக்கடத்திச் சந்திப்பில் பட்டைப் படியை ஒளியால் அளத்தல்: காலியம் ஆர்சனைடு வழி ஓர் ஆய்வு

முன்னுரை

இருவேறு குறைக்கடத்திகள் ஒன்றன்மேல் ஒன்றாக வளர்க்கப்படும்போது அவற்றின் ஆற்றல் பட்டைகள் சந்திப்பில் ஒரே மட்டத்தில் அமைவதில்லை. அம்மட்ட வேறுபாடு இங்குப் ‘பட்டைப் படி’ எனப்படுகிறது. கடத்துப் பட்டையில் உள்ள படி எலக்ட்ரானுக்கும், இணைதிறன் பட்டையில் உள்ள படி துளைக்கும் தடையாகின்றன. குறைக்கடத்தி லேசர் முதலியவற்றின் செயல்திறன் இத்தடைகளின் உயரத்தைச் சார்ந்தது. அவ்வுயரம் ஒளியால் அளக்கப்பட்ட முறையையும், முதல் முடிவு பின்னர்த் திருத்தப்பட்ட காரணத்தையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

சிக்கல்

காலியம் ஆர்சனைடின் பட்டை இடைவெளி அறை வெப்பநிலையில் ஏறத்தாழ 1.42 எலக்ட்ரான் வோல்ட். அதன் காலியம் அணுக்களில் 30 விழுக்காட்டிற்கு மாற்றாக அலுமினியம் சேர்ந்த கலவையில் அஃது ஏறத்தாழ 1.80 ஆகும். இவற்றின் வேறுபாடு 0.38 என்பதை ஒளி உட்கவர்வால் எளிதில் அறியலாம். அவ்வேறுபாடு இரு பட்டைகளுக்கும் எவ்வாறு பங்கிடப்படுகிறது என்பதே வினா.

முதல் அளவீடு

1974இல் பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த டிங்கிள், வீக்மன், ஹென்றி ஆகியோர், அலுமினியக் கலவை அடுக்குகளுக்கிடையே மிக மெல்லிய காலியம் ஆர்சனைடு அடுக்கை அமைத்து அதன் உட்கவர்வு நிறமாலையை ஆராய்ந்தனர். அவ்வடுக்கு ஒரு கிணறு போன்றது. அதனுள் சிறைப்பட்ட எலக்ட்ரானும் துளையும் தனித்தனி ஆற்றல் மட்டங்களையே பெறும். அம்மட்டங்கள் நிறமாலையில் முகடுகளாகத் தோன்றின. இம்முகடுகளைக் கணக்கீட்டோடு ஒப்பிடும் வழியில் உருவான 85:15 என்னும் பங்கீடு ஏறத்தாழப் பத்தாண்டுகள் வழக்கில் இருந்தது.

மறு ஆய்வு

சதுரக் கிணற்றின் தாழ்ந்த மட்டங்களைப் பெரிதும் முடிவுசெய்வன கிணற்றின் அகலமும் துகளின் பயனுறு நிறையுமே; சுவரின் உயரம் அவற்றைச் சிறிதளவே மாற்றும். ஆகவே வேறு பங்கீடுகளும் அதே முகடுகளுக்குப் பொருந்தக்கூடும். 1984இல் மில்லர் குழுவினர் பரவளைய வடிவக் கிணறுகளை ஆராய்ந்தனர். பரவளையக் கிணற்றில் மட்டங்கள் சம இடைவெளியில் அமையும். அகலம் மாறாதபோது அவ்விடைவெளி ஆழத்தின் இருமடி மூலத்திற்கு நேர்விகிதமாகும். எனவே பங்கீடு மாறினால் மட்டங்கள் அனைத்தும் இடம்பெயரும். கிடைத்த நிறமாலை 85:15க்கு இசையவில்லை. பிற்கால ஆய்வுகள் பலவும் 60:40க்கு அண்மையான மதிப்பையே தந்தன. இதன்படி, மேற்கூறிய கலவையில் துளைக்குரிய தடை 0.06இலிருந்து 0.15 எலக்ட்ரான் வோல்ட்டாக உயர்கிறது.

முடிவுரை

இரு ஆய்வுகளிலும் கருவி ஒளியே. மாறியது கிணற்றின் வடிவம். கணக்கீடு அளவீட்டோடு பொருந்துவது மட்டும் சான்றாகாது. தேடும் அளவு மாறும்போது நிறமாலையும் தெளிவாக மாறுமாறு மாதிரி அமைந்தால்தான் அப்பொருத்தம் சான்றாகும்.