ஆயில் விளக்கு எரியவில்லையே என்று இருந்துவிடாதீர்கள்

"டேஷ்போர்டில் விளக்கு எரியவில்லை, அப்படியென்றால் ஆயில் இருக்கிறது." கார் ஆயிலைப் பற்றிய தப்பெண்ணங்களில் மிக ஆபத்தானது இதுதான். அந்தச் சிவப்பு ஆயில்கேன் படம் ஆயிலின் அளவைச் சொல்வதில்லை, அழுத்தத்தைச் சொல்கிறது. என்ஜினுக்கு அடியில் இருக்கும் சம்ப்பிலிருந்து ஒரு பம்ப் ஆயிலை உறிஞ்சி, பேரிங்குகளுக்கும் கேம் ஷாஃப்டுக்கும் அனுப்பிக்கொண்டே இருக்கிறது. உறிஞ்சு குழாயின் வாய் ஆயிலில் மூழ்கியிருக்கும் வரை அழுத்தம் குறையாது. மூன்றரை லிட்டர் பிடிக்கும் சின்ன காரில் ஒரு லிட்டருக்கு மேல் குறைந்துபோயிருந்தாலும், சமதளச் சாலையில் விளக்கு எரியாமலே இருக்கலாம். அதே வண்டி கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும்போது ஆயில் ஒரு பக்கமாக ஒதுங்கும், குழாய் காற்றை உறிஞ்சும், விளக்கு மினுக்கிவிட்டு அணையும். 'வயரிங்கில் ஏதோ கோளாறு' என்று பலரும் தொடர்ந்து ஓட்டிவிடுகிறார்கள். பேரிங் உலோகத்தோடு உலோகமாக உரசத் தொடங்கியதன் அடையாளம் அது.

சில கார்களில் அளவுக்கென்று தனியாக மஞ்சள் விளக்கு உண்டு. உங்கள் வண்டியில் இருக்கிறதா என்று கையேட்டைப் பாருங்கள். வண்டி ஓடும்போது சிவப்பு விளக்கு எரிந்தால் ஓரம் கட்டி உடனே என்ஜினை அணைத்துவிடுங்கள். 'ஒர்க்‌ஷாப் பக்கத்தில்தானே' என்று இரண்டு கிலோமீட்டர் ஓட்டினால்கூட என்ஜின் சீஸ் ஆகிவிடலாம். டோ செய்து கொண்டுபோகிற செலவு, என்ஜின் வேலைக்கு ஆகும் செலவில் ஒரு மூலைக்கு வராது.

அடுத்து, பங்க்கில் பார்த்துச் சொல்லும் கணக்கு. நெடுஞ்சாலையில் டீசல் போட நிறுத்தியதும் ஒருவர் வருகிறார், பானெட்டைத் திறக்கச் சொல்கிறார், ஆயில் அளவைக் காட்ட மேலும் கீழும் இரண்டு கோடுகள் போட்ட டிப் ஸ்டிக் குச்சியை உருவிக் காட்டுகிறார்: "சார், அரை லிட்டர் கம்மி." அவர் பொய் சொல்கிறார் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்த நேரத்தில் குச்சி காட்டுவது சரியான அளவு அல்ல. அதுவரை ஓடிக்கொண்டிருந்த என்ஜினில் ஆயிலின் ஒரு பகுதி இன்னும் மேலே, சிலிண்டர் ஹெட்டில் இருக்கும். அது வடிந்து சம்ப்புக்கு வரச் சில நிமிடம் ஆகும். குச்சியை முழுதாக அழுத்தாமல் உருவினாலும் அளவு குறைத்தே காட்டும். அதை நம்பி அரை லிட்டர் ஊற்றிக்கொண்டால், ஊர் போய்ச் சேர்ந்து பார்க்கும்போது மேல் கோட்டைத் தாண்டி நிற்கும்.

முறையாகப் பார்ப்பது எளிது. வண்டி சமதளத்தில் நிற்க வேண்டும். பொதுவாக, சூடான என்ஜினை அணைத்து ஐந்து முதல் பத்து நிமிடம் கழித்துப் பார்க்கலாம். சில கம்பெனிகள் குளிர்ந்த நிலையில் பார்க்கச் சொல்லும், அங்கே கையேடு சொல்வதே சரி. குச்சியை முதல் தடவை உருவும்போது அதில் தெரிவதைக் கணக்கில் எடுக்காதீர்கள், ஓடும்போது தெறித்த ஆயில் மேலெல்லாம் பூசியிருக்கும். பனியன் வேஸ்ட்டால் நுனி வரை துடையுங்கள். நூல் பிரியாத துணியாகப் பார்த்து எடுங்கள். பிடி நன்றாக உட்காரும் வரை செருகி மறுபடி உருவுங்கள். நுனி கீழே இருக்கும்படி பிடித்து இரண்டு பக்கமும் பாருங்கள். இரண்டிலும் வித்தியாசம் தெரிந்தால் குறைவாகக் காட்டும் பக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். புது ஆயில் தெளிவாக இருப்பதால் கோடு கண்ணுக்குத் தெரியாது, குச்சியை வெளிச்சத்தில் லேசாகச் சாய்த்தால் ஈரத்தின் விளிம்பு பளபளக்கும். அது இரண்டு கோடுகளுக்கும் நடுவில் எங்கே இருந்தாலும் சரிதான். மேல் கோட்டைத் தொட்டே ஆக வேண்டும் என்பதில்லை.

"கொஞ்சம் கூடவே இருக்கட்டுமே" என்ற நினைப்பும் பலரிடம் இருக்கிறது. அரிசி, பருப்பு விஷயத்தில் இந்தப் புத்தி சரி. என்ஜினில் ஆயில் மேல் கோட்டுக்கு மேலே போனால், சுழலும் கிராங்க் ஷாஃப்ட் அதில் இடித்து, மத்தால் கடைந்தது போல நுரையாக்கிவிடும். நுரையில் இருப்பது பாதி காற்று. அது பேரிங்குக்குப் போய் என்ன பயன்? அழுத்தம் குறையும். மிச்ச ஆயில் பிரீதர் குழாய் வழியாக ஏர் இன்டேக்குக்குப் போய் எரியும், நீலப் புகை வரும், நாளடைவில் கேட்டலிடிக் கன்வர்ட்டரும் கெடும். பெரும்பாலான கார்களில் இரண்டு கோடுகளுக்கும் நடுவே உள்ள இடைவெளி சுமார் ஒரு லிட்டர்தான். ஆகவே ஒரே மூச்சில் ஊற்றாமல் 200 மில்லி ஊற்றி, சில நிமிடம் விட்டு, மறுபடி பார்த்து, தேவைப்பட்டால் இன்னொரு 200. கூடிவிட்டால் சம்ப்பின் டிரெயின் போல்ட் வழியாகவோ உறிஞ்சு பம்ப் வைத்தோ எடுத்துவிட வேண்டும், 'தானாகக் குறையும்' என்று விடக் கூடாது.

பிஎஸ்-6 டீசல் வண்டிக்காரர்கள் இன்னொன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். ஆயில் ஊற்றாமலே அளவு ஏறியிருந்தால் மகிழ வேண்டாம். புகைக்கரியைப் பிடிக்கும் டிபிஎஃப் ஃபில்டர் தன்னைத் தானே சுட்டுச் சுத்தம் செய்யும்போது கூடுதலாக டீசல் செலுத்தப்படுகிறது. தினமும் ஊருக்குள்ளேயே நின்று நின்று போகும் வண்டியில் அந்தச் சுத்தம் பாதியில் நின்றுபோகும். எரியாத டீசல் சிலிண்டர் சுவர் வழியாக ஆயிலில் இறங்கும். அளவு ஏறும், ஆயில் நீர்த்துப்போகும். குச்சியை முகர்ந்தால் டீசல் வாடை அடிக்கும். அப்போது கிலோமீட்டர் கணக்குப் பார்க்காமல் ஆயிலை மாற்றுங்கள்.

ஆயில் கறுத்துவிட்டால் கெட்டுவிட்டது என்பதும் தவறு. அழுக்கையும் கரியையும் படியவிடாமல் தன்னோடு சுமப்பதுதான் நல்ல ஆயிலின் வேலை. டீசல் வண்டியில் மாற்றிய சில நாளிலேயே கறுத்துவிடும். பால் கலந்த காபி நிறத்தில் இருந்தால்தான் பயப்பட வேண்டும், கூலன்ட் கலந்திருக்கலாம்.

"நம்ம ஊர் வெயிலுக்கு மெல்லிசு ஆயில் தாங்காது, கெட்டியா ஊத்துங்க" என்று அனுபவமுள்ள மெக்கானிக்குகளே சொல்வார்கள். 5டபிள்யூ-30 என்ற ஆயில் கிரேடில் முதல் எண் குளிரில் ஸ்டார்ட் ஆகும்போது ஆயில் ஓடும் திறனைக் குறிக்கும். இரண்டாவது எண் 100 டிகிரி செல்சியஸில் அதன் கெட்டித்தன்மையைக் குறிக்கும். சென்னையானாலும் ஊட்டியானாலும், சூடாகி ஓடும் என்ஜினைத் தெர்மோஸ்டாட் ஏறக்குறைய 90 டிகிரியில் வைத்திருக்கும். இன்றைய என்ஜின்களின் நுண்ணிய ஆயில் வழிகள் மெல்லிய ஆயிலுக்காகவே வடிவமைக்கப்பட்டவை. அங்கே 20டபிள்யூ-50 ஊற்றினால் ஸ்டார்ட் செய்த முதல் சில விநாடிகளில் மேல்பாகம் வறண்டு ஓடும், மைலேஜும் குறையும்.

வேறு கம்பெனி ஆயில் கலந்தால் கட்டியாகிவிடும் என்ற பயம் தேவையில்லை. ஏபிஐ தரச் சான்று பெற்ற ஆயில்கள் ஒன்றோடொன்று கலக்கும். கிரேடும் தரமும் ஒன்றாக இருந்தால் அவசரத்துக்குத் தாராளமாக ஊற்றலாம். பைக்குக்கு வாங்கி மிஞ்சியதை மட்டும் காரில் ஊற்றாதீர்கள்.

ஆயில் குறைந்தாலே என்ஜின் போச்சு என்று கலங்கவும் வேண்டாம். ஆயிரம் கிலோமீட்டருக்கு அரை லிட்டர் வரை குறைவது இயல்பு என்று சில கையேடுகளே சொல்கின்றன. திடீரென்று குறையும் வேகம் கூடினால் மெக்கானிக்கிடம் போங்கள். அதேபோல், 'அவ்வப்போது ஊற்றிக்கொண்டே இருக்கிறேன், மாற்ற வேண்டாம்' என்பதும் கணக்கில் வராது. பழைய ஆயிலில் வேதிப்பொருள்கள் தீர்ந்துபோயிருக்கும், ஃபில்டர் அடைத்திருக்கும். வண்டி அதிகம் ஓடாவிட்டாலும் கையேடு சொல்லும் காலத்தில், பெரும்பாலும் ஆண்டுக்கு ஒருமுறை, மாற்றியே ஆக வேண்டும்.

டிப் ஸ்டிக்கே இல்லாத சில சொகுசு கார்களில் திரையில் பார்த்துக்கொள்ளலாம். மற்ற எல்லோரும் மாதம் ஒருமுறையும், வெளியூர் கிளம்புவதற்கு முதல் நாளும் நீங்களே பானெட்டைத் திறந்து பாருங்கள். உங்கள் வண்டிக்குரிய கிரேடு ஆயில் அரை லிட்டர் டிக்கியில் இருக்கட்டும்.