பற்றரியில் மின் ஏறாவிடின் செய்ய வேண்டுவன

வெலிமடை, பண்டாரவளை, ஊவா பரணகமை ஆகிய இடங்களில் விளையும் உருளைக்கிழங்கு, கோவா, கரட், போஞ்சி என்பன லொறிகளிலேயே சந்தைக்குச் செல்கின்றன. மகியங்கனைப் பகுதி வயல்களில் உழவு இயந்திரமின்றி விதைப்பு வேலை நடைபெறுவது அரிது. பற்றரி ஓய்ந்து வாகனம் நின்றுவிடின் ஏற்றிய மரக்கறி வாடும், உழவு பிந்தும். அப்புத்தளை, எல்ல முதலிய இடங்களின் வளைந்த மலைப்பாதைகளில் இரவிலோ மூடுபனியிலோ முன்விளக்கு மங்குதல் உயிருக்கே ஆபத்தாகும்.

பற்றரி ஓய்ந்தவுடன் புதியதொன்றை வாங்குவோர் பலர். பழுது பற்றரியில் இல்லாவிடின் அதுவும் சில நாட்களில் ஓய்ந்துவிடும். குளம் வற்றினால் கமக்காரர் முதலில் வரத்து வாய்க்காலையே பார்ப்பர். பற்றரி குளத்தை ஒத்தது. அதற்கு மின்னை ஊட்டும் அல்ரனேற்றர் வரத்து வாய்க்காலை ஒத்தது. எனவே பணம் செலவிடுமுன் வரத்தைச் சோதித்தல் வேண்டும்.

அல்ரனேற்றர் வேலை செய்யும் விதம்

எஞ்சினின் சுழற்சியைப் பெல்ட் அல்ரனேற்றருக்குக் கொடுக்கிறது. காபன் பிரஷ் வழியாகச் செல்லும் சிறிதளவு மின் உள்ளே சுழலும் பாகத்தைக் காந்தமாக்குகிறது. அக்காந்தம் சுழலும்போது சுற்றியுள்ள கம்பிச் சுருள்களில் மின் பிறக்கிறது. டயோட்டுகள் அதனை ஒரே திசையிற் செல்லச் செய்கின்றன. ரெகுலேற்றர் அதன் வோல்ற்றளவை வரம்புக்குள் வைத்திருக்கிறது.

செய்யத்தகாத சோதனை

எஞ்சின் ஓடும்போது பற்றரி முனையைக் கழற்றி, எஞ்சின் நிற்கிறதா எனப் பார்க்கும் வழக்கம் டைனமோ காலத்திலிருந்து வந்தது. அல்ரனேற்றர் உள்ள வாகனத்தில் இதனை ஒருபோதும் செய்யலாகாது. பற்றரியின் தொடர்பு அறும் கணத்தில் வோல்ற்றளவு திடீரென உயர்ந்து டயோட்டுகளையும் ரெகுலேற்றரையும் கெடுத்துவிடும். அன்றியும் பழைய டீசல் எஞ்சின்கள் பல பற்றரியின்றியும் ஓடக்கூடியன. எனவே எஞ்சின் நிற்காமையால் அல்ரனேற்றர் நன்றாக உள்ளதென்று கொள்ள முடியாது.

சோதிக்கும் ஒழுங்கு

1. எச்சரிக்கை விளக்கு: திறப்பைப் போட்டதும் பற்றரிப் படமுள்ள சிவப்பு விளக்கு எரிந்து, எஞ்சின் ஓடியபின் அணைதல் வேண்டும். ஓடும்போதும் எரியுமாயின் மின் ஏறவில்லை எனக் கொள்க. திறப்பைப் போட்டும் எரியாவிடின் பியூசையும் மின்குமிழையும் பார்க்கவும். பல வாகனங்களில் அல்ரனேற்றரின் தொடக்க மின் இக்குமிழின் வழியாகவே செல்கிறது. ஆதலால் குமிழ் ஒன்று பழுதானாலும் மின்னேற்றம் தடைப்படலாம்.

2. பெல்ட்: எஞ்சினை நிறுத்தித் திறப்பை எடுத்துவிடவும். இரு கப்பிகளுக்கும் நடுவே பெல்ட்டைப் பெருவிரலால் அழுத்தினால் ஏறத்தாழ அரை அங்குலம் தாழ்தல் வேண்டும். கைந்நூலில் வேறு அளவு தரப்பட்டிருப்பின் அதனையே பின்பற்றவும். வெடித்த, பளபளப்பேறிய அல்லது எண்ணெய் படிந்த பெல்ட்டை மாற்றவும். மழைக்காலத்தில் பெல்ட் கிரீச்சிடுதல் அது வழுக்குவதன் அறிகுறியாகும்.

3. பற்றரி முனைகள்: வெள்ளை அல்லது பச்சைப் பூஞ்சணம் போன்ற படிவு மின்னைத் தடுக்கும். எஞ்சினை நிறுத்தி, வாகன உடலோடு இணைந்த வயரை முதலிற் கழற்றி, இறுதியிற் பூட்டவும். அப்பச்சோடா கரைத்த வெந்நீரால் முனைகளைக் கழுவித் துடைக்கவும். அந்நீர் பற்றரியின் உள்ளே செல்லலாகாது. முனைகளை இறுகப் பூட்டி வசிலீன் தடவவும். எஞ்சினை வாகன உடலோடு இணைக்கும் வயரில் சேறும் துருவும் இருப்பின் அவற்றையும் அகற்றவும்.

4. வோல்ற்றளவு: சிறு மல்ரிமீற்றர் ஒன்று இதற்குப் போதும். சில மணிநேரம் ஓய்விலிருந்த நிறைந்த 12 வோல்ற்றுப் பற்றரி ஏறக்குறைய 12.6 காட்டும், 12.0 ஆயின் பெரும்பாலும் வெறுமையானதே. எஞ்சினைச் சற்று வேகமாக ஓடவிட்டு மீண்டும் பார்க்கவும். 13.8 முதல் 14.5 வரை காட்டுதல் நன்று. எஞ்சின் ஓடியும் அளவு உயராவிடின் மின் ஏறவில்லை. 15 ஐத் தாண்டின் ரெகுலேற்றர் பழுதாகும். 24 வோல்ற்று லொறிகளில் இவ்வளவுகளை இரட்டிப்பாகக் கொள்க. கணினி வோல்ற்றளவை மாற்றியமைக்கும் புதிய வாகனங்களுக்கு இவ்வளவுகள் பொருந்தாமல் இருக்கலாம்.

5. வயர்: எஞ்சின் ஓடும்போது அல்ரனேற்றரின் பெரிய வயர் முனையிலும் பற்றரியிலும் அளந்து பார்க்கவும். அல்ரனேற்றரில் அரை வோல்ற்றுக்கு மேல் கூடுதலாக இருப்பின் இடைவழியில் தடையுண்டு. அவ்வயரின் பியூசையும் இணைப்புகளையும் சரிபார்க்கவும்.

மேற்கூறிய யாவும் சரியாக இருந்தும் மின் ஏறாவிடின் பழுது அல்ரனேற்றரின் உள்ளேயே இருக்கும். காபன் பிரஷ் தேய்ந்திருக்கலாம். டயோட்டோ ரெகுலேற்றரோ கெட்டிருக்கலாம். அதனைக் கழற்றி மின் வேலை தெரிந்தவரிடம் கொடுக்கவும். அல்ரனேற்றர் முழுவதையும் மாற்றாது, தேய்ந்த பிரஷை மட்டும் மாற்றிச் சீர்செய்தல் பலவேளைகளிற் போதுமானது. மின்னேற்றம் சரியாக இருந்தும், விளக்குகள் யாவும் அணைக்கப்பட்டிருந்தும் ஒரே இரவில் பற்றரி இறங்குமாயின், பற்றரி மூத்திருக்கலாம் அல்லது டயோட்டு வழியே மின் கசியலாம். இவ்விரண்டையும் சோதித்த பின்னரே புதிய பற்றரி வாங்குதல் தகும்.

வழியில் விளக்கு எரியுமாயின்

விசிறி, வானொலி முதலிய தேவையற்றவற்றை நிறுத்தவும். எஞ்சினை அணைத்தால் மீண்டும் இயக்க முடியாது போகலாம். ஆயினும் பெல்ட் அறுந்திருப்பின், அல்லது எஞ்சின் சூடேறின், ஓரமாக நிறுத்தி உடனே அணைக்கவும்; பல வாகனங்களில் தண்ணீர்ப் பம்பையும் அதே பெல்ட் சுழற்றுவதால் ஏற்றத்தில் எஞ்சின் விரைவிற் கெடும். இருள் சூழுமுன் சேர முடியாவிடின் பயணத்தைத் தொடராதிருத்தலே நன்று.

பற்றரியின் அமிலம் கண்ணையும் தோலையும் சுடும். அதிலிருந்து எழும் வாயு தீப்பற்றக்கூடியது. அதனருகில் பீடி, சுருட்டு, தீக்குச்சி ஆகாது. சேறு நிறைந்த வயலில் உழும் இயந்திரத்தையும் தோட்டத்து மண்பாதையில் ஓடும் லொறியையும் மாதமொருமுறை இவ்வாறு பார்த்துவரின், அறுவடை நாளில் வாகனம் கைவிடாது.