மணி அடித்தால் எழுந்திரு

ஞானஒளிவுபுரம்,
மதுரை.

அன்பு மருமகளுக்கு,

அத்தை எழுதுவது. கடைசி செமஸ்டர் முடிந்த கையோடு குளித்தலைப் பக்கம் சாந்திவனம் என்ற கிறிஸ்தவ ஆசிரமத்தில் ஒரு வாரம் தங்கப் போகிறாய் என்று உன் அப்பா போனில் சொன்னான். அவன் வைத்த மறு நிமிஷம் உன் வாட்ஸ்அப் வந்தது. எண்ணிப் பார்த்தேன், பதினோரு கேள்வி. எவ்வளவு கட்ட வேண்டும், கட்டில் உண்டா, போனை வாங்கி வைத்துக்கொள்வார்களா, பிடிக்காவிட்டால் பாதியில் திரும்பலாமா என்று ஒன்றன்பின் ஒன்றாக. இத்தனைக்கும் கட்டைவிரலால் பதில் தட்ட எனக்கு வராது. உட்கார்ந்து எழுதிவிடுகிறேன்.

முதலில், எந்த மாதிரி இடத்துக்குப் போகிறாய் என்று தெரிந்துகொள். நம் ஊரில் எல்லாவற்றுக்கும் 'தியானம்' என்று ஒரே பேர் வைத்துவிட்டோம். கேரளத்து முரிங்கூர் தியான மையத்துக்கு நம் தெருவிலிருந்து வண்டி கட்டிப் போகிறார்களே, அது பெருங்கூட்டத்தோடு உட்கார்ந்து பிரசங்கம் கேட்டுப் பாட்டுப் பாடி வருவது. இயேசு சபையார் நடத்தும் ஞான ஒடுக்கம் வேறு. இஞ்ஞாசியார் வகுத்த முறைப்படி முப்பது நாள், சுருக்கினால் எட்டு நாள். வாய் திறக்கக் கூடாது. தினமும் ஒருமுறை வழிநடத்துபவரிடம் மட்டும் பேசலாம். 'ஒடுக்கம்' என்ற சொல்லே அழகு. ஆமை உள்ளே ஒடுங்குகிற மாதிரி. சாந்திவனம் இந்த இரண்டிலும் சேராது. அங்கே யாரும் உனக்கென்று ஒரு நிகழ்ச்சி நடத்த மாட்டார்கள். துறவிகள் சிலர் தங்கள் பாட்டுக்கு வாழ்ந்துகொண்டிருக்கிறார்கள். அவர்களுடைய நாளுக்குள் நீ போய் உட்காருகிறாய். உன் பதினோரு கேள்விக்கும் பதில் இதற்குள்ளேயே இருக்கிறது.

உன் அம்மாவின் பயத்தை முதலில் தீர்த்துவிடுவோம். "ஆசிரமத்துக்குப் போன பிள்ளை அங்கேயே தங்கிவிட்டால்?" என்று கேட்டாளாம். அவளுக்கு இந்த வரலாற்றைச் சொல். 1950 மார்ச் 21, புனித ஆசீர்வாதப்பர் திருநாளன்று, காவிரிக்கரை மாந்தோப்பு ஒன்றில் இரண்டு பிரெஞ்சுக் குருக்கள் சச்சிதானந்த ஆசிரமம் என்று அதைத் தொடங்கினார்கள். ஒருவர் ஜூல்ஸ் மோன்சானின். அதற்குமுன் குளித்தலைப் பக்கம் பங்குச் சாமியாராக இருந்தவர். மற்றவர் ஹென்றி லெ சோ. அபிஷிக்தானந்தர் என்றால் பலருக்குத் தெரியும். காவி உடுத்தி, குடிசையில் இருந்து, சைவம் சாப்பிட்டு, நம்மூர்ப் பிள்ளைகள் சேருவார்கள் என்று காத்திருந்தார்கள். வந்தவர்கள் உண்டு, நிலைத்தவர் இல்லை. மோன்சானின் 1957இல் பாரிஸில் காலமானார். அபிஷிக்தானந்தர் 1968இல் அந்த இடத்தை ஒப்படைத்துவிட்டு உத்தரகாசிக்குப் போய்விட்டார். அதே வருஷம் கேரளத்துக் குரிசுமலையிலிருந்து வந்து பொறுப்பேற்ற ஆங்கிலேயத் துறவி பீட் கிரிஃபித்ஸின் காலத்தில்தான் உலகம் முழுவதிலுமிருந்து ஆள் வந்தது. அவர் 1993இல் அங்கேயே கண்மூடினார். ஆகப் பதினெட்டு வருஷம் ஒரு பிள்ளையையும் பிடித்து வைக்க முடியாத இடம் அது. ஒரு வாரத்தில் உன்னைப் பிடித்துவிடாது.

இனி பணம். விடுதியில் மாதிரி விலைப்பட்டியல் மாட்டி வைப்பது இத்தகைய ஆசிரமங்களின் வழக்கமில்லை. கிளம்பும் நாளில் உன்னால் முடிந்ததை ஒரு உறையில் வைத்துக் கொடு. 'முடிந்தது' என்ற சொல்லை வைத்துக்கொண்டு ஐம்பது ரூபாயோடு நழுவாதே. உன் ஹாஸ்டல் மெஸ்ஸில் ஒரு நாளைக்கு என்ன ஆகிறதோ, அதைத் தங்கிய நாளால் பெருக்கு. அதற்குக் குறையக் கூடாது. ஆனால் அங்கே உண்மையான வாடகை வேறு. மணி அடித்தால் எழுந்திருக்க வேண்டும். அந்த இடத்தை நடத்துவது பணத்தைவிட மணிதான்.

விடியுமுன் ஒரு மணி. இருட்டோடு எழுந்து தியானம், பிறகு காலைச் செபமும் திருப்பலியும். அப்புறம் காலைச் சாப்பாடு, வேலை. உச்சியில் ஒரு செபம், சாப்பாடு. பொழுது சாயும்போது மறுபடி தியானம், இருட்டியதும் மாலைச் செபம். இடையில் நிறைய வெற்று நேரம் இருக்கும். முதல் இரண்டு நாள் அதுதான் உன்னைக் கொல்லும். எனக்கும் அப்படித்தான் இருந்தது. இரண்டாம் நாள் மத்தியானம் பையிலிருந்த பல்பொடிப் பொட்டலத்தில் அச்சடித்திருந்ததை மூன்று தடவை படித்தேன். மூன்றாம் நாளில் சரியாகிவிட்டது. அதனால்தான் சொல்கிறேன், இரண்டு நாளுக்குப் போவதென்றால் போகாதே. ஐந்து நாளாவது வேண்டும்.

வேலை என்றேனே, பயப்படாதே. காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து காய் நறுக்குவார்கள். நான் போயிருந்தபோது என் பக்கத்தில் ஒரு வெள்ளைக்காரப் பாட்டி. முருங்கைக்கீரையை ஒவ்வோர் இலையாகக் கிள்ளி, காம்பைத் தனியாக அடுக்கிக்கொண்டிருந்தார். அந்த வேகத்தில் போனால் ராத்திரிக்குத்தான் கூட்டு. இணுக்கைத் தலைகீழாகப் பிடித்து விரலால் ஒரே இழுப்பில் உருவிக் காட்டினேன். கைதட்டிச் சிரித்தார். எனக்கு அவர் பாஷை தெரியாது, அவருக்கு என் பாஷை தெரியாது. அந்த வாரம் முழுக்க என் பக்கத்தில்தான் உட்கார்ந்தார். இன்றைக்கு அங்கே என்ன பிரசங்கம் கேட்டேன் என்று கேட்டால் ஒரு வாக்கியம் நினைவில் இல்லை. அந்தக் கீரை இருக்கிறது. வேலைக்கு உன்னை யாரும் வற்புறுத்திக் கூப்பிட மாட்டார்கள். நீயாகப் போய் உட்கார்.

சாப்பாடு தரையில் உட்கார்ந்து, கையால், சைவம். பேசாமல் சாப்பிட வேண்டியிருக்கும். முதலில் கொஞ்சமாக வாங்கு. மறுபடி கேட்டால் போடுவார்கள். தட்டில் மிச்சம் வைக்காதே. உன் தட்டை நீ கழுவு.

அடுத்தது நெற்றி. நம் பெந்தெகொஸ்தே சொந்தங்கள் காதில் விழுந்தால் சண்டை வரும் விஷயம் இது. அங்கே காலையில் சந்தனம், உச்சியில் குங்குமம், மாலையில் திருநீறு கொடுப்பார்கள். ஆரத்தி உண்டு. விவிலியத் திருப்பாடல்களோடு உபநிடதமும் திருவாசகமும் வாசிப்பார்கள். நுழைவாயிலில் கோபுரம் இருக்கும். மனசுக்கு ஒப்பவில்லை என்றால் நெற்றியில் இட்டுக்கொள்ளாமல் கும்பிட்டுவிட்டு இரு. இட்டுக்கொள்வதானால் பயந்துகொண்டு இடாதே. தவக்காலத் தொடக்கத்தை நம் பாட்டிமார் 'விபூதிப் புதன்' என்றுதானே சொன்னார்கள்? இன்னொன்றும் உண்டு. குளித்தலைக் கடம்பரைக் காலையிலும், ஐயர்மலையில் இருப்பவரை உச்சியிலும், ஆற்றுக்கு அக்கரையில் திருஈங்கோய்மலையாரை அந்தியிலும் ஒரே நாளில் கும்பிடுவது அந்தப் பக்கத்துச் சைவர்களின் பழைய வழக்கம். மூன்று பொழுதுக்கு மூன்று அடையாளம் என்பது அந்த மண்ணுக்குப் புதிதில்லை. நற்கருணை பற்றி மட்டும் ஒரு வார்த்தை. உன்னோடு வரும் சிநேகிதி சிஎஸ்ஐ சபை, கத்தோலிக்கர் இல்லை என்றாய். வரிசையில் நிற்பதற்கு முன் அவள் குருவானவரிடம் கேட்டுக்கொள்ளட்டும். கேட்பதில் வெட்கமில்லை.

இந்தக் காவியும் சந்தனமும் எல்லோருக்கும் இனிக்கவில்லை என்பதையும் தெரிந்துகொண்டு போ. நம் மதுரைக்கு 1606இல் வந்த ராபர்ட் தெ நொபிலியிடமிருந்தே தொடங்குகிறது கதை. தத்துவ போதகர் என்ற பெயரில் காவி கட்டி, புலால் விட்டு, ஒரு வேளைச் சோறு உண்டு, நம் தமிழைக் கசடறக் கற்ற இத்தாலியர். வந்த வீட்டின் வழக்கத்தை ஒரு விருந்தாளி இத்தனை பாடுபட்டுக் கற்றது அபூர்வம். ஆனால் எந்த வீட்டின் வழக்கத்தை? அவருக்கு முன்பே மதுரையில் இருந்த பெர்னாண்டஸ் சாமியாரின் பரதவர் சபையை விட்டு விலகித் தனி வீடு பார்த்துக்கொண்டார். மேல்சாதியார் வாசலில் ஏறுவதற்காகக் கற்ற ஒழுங்கு, மற்றவர்களுக்குச் சுவராகவும் ஆயிற்று. ஆசிரமங்களைப் பற்றித் தலித் கிறிஸ்தவர்கள் கேட்பதும் இதைத்தான்: இந்தியப் பண்பாடு என்றால் சமஸ்கிருதம் மட்டும்தானா, பறை எங்கே? 1969இல் அமைந்த நம் அரசரடி இறையியல் கல்லூரியில் ஆசிரியராக இருந்த தியோஃபிலஸ் அப்பாவு, பரட்டை என்றால் ஊருக்கே தெரியும், நாட்டுப்புற மெட்டிலும் பறையிலும் வழிபாட்டை அமைத்தார். ஒரே உலையில் பொங்கி எல்லோரும் பகிர்ந்து தின்பதையே இறையியலாகப் பேசினார். சாந்திவனத்துப் பந்தியில் உட்காரும்போது இந்தக் கேள்வியை மனசில் வைத்துக்கொள். அங்கே எல்லோரும் ஒரே வரிசைதான். ஊருக்குத் திரும்பி நம் வீட்டுக் கல்யாணப் பந்தியில் அது இருக்கிறதா என்று பார்.

சரி, மூட்டை. பருத்திச் சுடிதார் நான்கு, துப்பட்டாவோடு. மெல்லிய போர்வை, துண்டு, கழற்றி மாட்டச் சுலபமான செருப்பு. கொசுவத்தி. டார்ச் லைட் கட்டாயம். தோப்புக்குள் ராத்திரி நடக்கையில் கால் வைக்கும் இடம் தெரிய வேண்டும், பூச்சிபொட்டு உண்டு. ஆதார் அட்டை. உன் மாத்திரைகள். மாதவிலக்குக்கு வேண்டியதை இங்கேயே வாங்கிக்கொள். அந்த நாளில் வழிபாட்டுக்குப் போகலாமா என்று நீ கடைசியாகக் கேட்டிருந்தாய். தாராளமாகப் போ. அது கோபுரம் வைத்த கோயில், ஆனாலும் நம் கோயில். கட்டில் மெத்தைச் சொகுசை எதிர்பார்க்காதே, அறை எளிமையாக இருக்கும்.

போனைப் பற்றி: முதல் நாளே அம்மாவுக்கு அலுவலக எண்ணைக் கொடுத்துவிடு. தினமும் ஒரு நேரம் வைத்து ஐந்து நிமிஷம் பேசு, பிறகு அணைத்துப் பையில் போடு. செபக்கூடத்தில் படம் எடுக்காதே. கண்ணை மூடி உட்கார்ந்திருக்கும் மனிதரின் முகம் உன் ஸ்டேட்டஸுக்கு உரியதல்ல.

காவிரி கூப்பிடும். மேட்டூர் அணையை வழக்கமாக ஜூன் 12இல் திறப்பார்கள்; அதன் பிறகு தண்ணீர் வரத்து ஏறும். மணல் அள்ளிய குழி மேலே தெரியாது. கரையில் காலை நனை, தனியாக இறங்காதே. சித்திரை வைகாசியில் போவதாக இருந்தால் கரூர்ப் பக்கத்து வெயிலையும் யோசி.

பாதியில் திரும்பலாமா என்றாய். தாராளமாக. ஆனால் சொல்லிக்கொண்டு கிளம்பு. குறை இருந்தால் நேரில் மரியாதையாகச் சொல். அவர்கள் பின்பற்றும் ஆசீர்வாதப்பரின் ஒழுங்கு ஆறாம் நூற்றாண்டிலேயே இதையும் யோசித்து வைத்திருக்கிறது. விருந்தினரைக் கிறிஸ்துவாகவே ஏற்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரிந்த விதி. வெளியூர்த் துறவி ஒருவர் வந்து தங்கி நியாயமான குறை ஒன்றைப் பணிவாகச் சொன்னால், அதற்காகவே கடவுள் அவரை அனுப்பினாரோ என்று மடத்துத் தலைவர் எண்ணிப் பார்க்க வேண்டும் என்பது பலருக்குத் தெரியாத விதி. அதிகம் ஆட்டம் போடுகிறவரை மரியாதையாகப் போகச் சொல்லலாம் என்றும் அதே இடத்தில் இருக்கிறது.

போகிற வழி சுலபம். திருச்சி வரை ரயில், அங்கிருந்து கரூர்ப் பேருந்து. தண்ணீர்ப்பள்ளியில் இறக்கிவிடச் சொல்.

எல்லாவற்றிலும் முக்கியமானதைக் கடைசிக்கு வைத்தேன். உன் வயசில் நான் ஒரு தியான இல்லத்துக்குச் சொல்லாமல் கொள்ளாமல் பெட்டியோடு போய் நின்றேன். அன்று அங்கே கன்னியர்களுக்கு ஆண்டு தியானம், ஒரு அறையும் காலியில்லை. வாசலில் ஒரு டம்ளர் மோர் கொடுத்து அனுப்பி வைத்தார்கள். தப்பு அவர்கள் மேல் இல்லை. யார் வீட்டுக்கும் அப்படிப் போகக் கூடாது. ஆகவே இன்றைக்கே விருந்தினர் பொறுப்பாளருக்கு எழுது: உன் பெயர், படிப்பு, எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, எத்தனை பேர், உடம்புக்கு ஏதாவது உண்டா, எதற்காக வருகிறாய். கடைசிக் கேள்விக்கு 'சும்மா' என்பதும் நல்ல பதில்தான். அங்கிருந்து பதில் வந்த பிறகு டிக்கெட் எடு.

இப்படிக்கு,
உன் அத்தை