சொலிசிட்டர் தாமதம்: காத்திருப்பதா, முறையிடுவதா, மாற்றுவதா?

இங்கிலாந்தில் வீட்டுக்கு விலை பேசி முடித்தவரைக் கலியாண வீட்டில் கண்டால் எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: "வீடு இன்னும் முடியேல்லையோ?" விலை பேசிய நாளிலிருந்து சாவி கைக்கு வர மூன்று நான்கு மாதம் போவது இங்கே வழமை. பிளாட் என்றால் அதற்கு மேலும் இழுக்கும்.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஒப்பந்தம் கைமாறும் நாள்வரை, அதாவது எக்ஸ்சேஞ்ச் வரை, விலை பேசியது யாரையும் கட்டுப்படுத்தாது. கூடுதல் காசு தருகிறேன் என்று இன்னொருவர் வந்தால் விற்பவர் அவரிடம் போகலாம். சர்வேக்கும், கவுன்சில் பதிவுகளைத் தேடிப் பார்க்கும் சர்ச்சுக்கும் நீங்கள் கட்டிய காசு திரும்பி வராது. வரியும் காத்திருக்காது. இங்கிலாந்தில் முதல் வீடு வாங்குவோருக்கு 425,000 பவுண்டு வரை முத்திரை வரி இல்லை என்ற சலுகை 2025 மார்ச் 31 உடன் முடிந்தது. அடுத்த நாள் அந்த வரம்பு 300,000 ஆனது. சரியாக 425,000 பவுண்டு வீட்டை மார்ச் 31இல் முடித்தவர் வரியே கட்டவில்லை. ஒரு நாள் பிந்தியவருக்கு 6,250 பவுண்டு.

தாமதித்தால் செய்யக்கூடியவை ஐந்து. எதைத் தேர்வது என்பது உங்களுக்கு எவ்வளவு கோபம் என்பதைப் பொறுத்ததல்ல, கோப்பு இப்போது யார் மேசையில் கிடக்கிறது என்பதைப் பொறுத்தது.

முதலில் மேசையைக் கண்டுபிடியுங்கள்

முதலில் பார்க்க வேண்டியது உங்கள் சொந்த மேசை. 2017இன் பண மோசடித் தடுப்பு விதிகளின்படி, வீட்டுக்குப் போடும் காசு எங்கிருந்து வந்தது என்று சொலிசிட்டர் சரிபார்த்தே ஆக வேண்டும். சம்பளத்தில் சேர்த்த காசுக்கு வங்கிக் கணக்கறிக்கை போதும். நம்மவர்களின் டெபாசிட் பெரும்பாலும் அப்படி ஒரே வழியில் வருவதில்லை. மாமா தந்தது கொஞ்சம், சீட்டு எடுத்தது கொஞ்சம், ஊரில் காணி விற்றது கொஞ்சம். மாமாவின் காசுக்கு, அது திருப்பிக் கேட்காத அன்பளிப்பு என்றும் வீட்டில் தனக்கு உரிமை இல்லை என்றும் அவர் எழுதிய கடிதமும், அவருடைய அடையாள ஆவணமும் வங்கிக் கணக்கறிக்கையும் கேட்பார்கள். கடன் தரும் வங்கிக்கும் அதைச் சொல்ல வேண்டும். காணிக் காசுக்கு விற்பனை உறுதியும், பணம் வங்கி வழியாக வந்த தடமும் தேவை. பேச்சு நம்பிக்கையில் கட்டிய சீட்டைக் காகிதத்தில் காட்டுவதுதான் ஆகக் கடினம். கையில் காசாக வாங்கியிருந்தால் சில நிறுவனங்கள் ஏற்கவே மாட்டா. இவற்றை இன்று ஒன்று, அடுத்த கிழமை ஒன்று என்று அனுப்பினால், ஒவ்வொரு தடவையும் உங்கள் கோப்பு வரிசையின் கடைசிக்குப் போகும். எல்லாவற்றையும் ஒரே மின்னஞ்சலில், எந்தத் தொகைக்கு எந்த ஆவணம் என்று எழுதி அனுப்புங்கள்.

அடுத்தவை உங்கள் சொலிசிட்டரின் மேசை, விற்பவரின் சொலிசிட்டர், கவுன்சில், கடன் தரும் வங்கி, பிளாட் என்றால் அதன் நிர்வாகக் கம்பெனி. கடைசியாகச் சங்கிலி: நீங்கள் வாங்கும் வீட்டுக்காரர் இன்னொரு வீடு வாங்க, அவருக்கு விற்பவர் வேறொன்று வாங்க, எல்லாரும் ஒரே நாளில் நகர வேண்டும். அதில் ஒருவர் நின்றாலும் எல்லாரும் நிற்பார்கள்.

ஒன்று: காத்திருங்கள், ஆனால் சரியாகக் கேளுங்கள்

"ஏதாவது புதினம் உண்டோ?" என்று கேட்டால் "இன்னும் காத்திருக்கிறோம்" என்றுதான் பதில் வரும். கேட்க வேண்டியவை வேறு. எந்தக் கேள்விகளுக்கு இன்னும் பதில் வரவில்லை? அவை யாருக்கு, எந்தத் திகதியில் போயின? கடைசியாக எப்போது நினைவூட்டினீர்கள்? என் பக்கத்தில் ஏதாவது பாக்கி உண்டா? இந்த நான்குக்கும் எழுத்தில் பதில் கேளுங்கள். நான்கு பதிலும் கையில் இருந்தால் கோப்பு எங்கே நிற்கிறது என்று தெரிந்துவிடும். கிழமைக்கு ஒரு தடவை போதும். நாளுக்கு மூன்று தடவை அழைத்தால், உங்களுக்குப் பதில் சொல்லும் நேரமும் கோப்புப் பார்க்கும் நேரத்திலிருந்தே போகும்.

விற்பவரின் சொலிசிட்டர் இழுத்தால் அவரை உங்களால் நேரே அசைக்க முடியாது. அவருடைய கட்சிக்காரர் நீங்கள் அல்ல. உங்கள் சொலிசிட்டரும் விற்பவரை நேரே தொடர்புகொள்ளக் கூடாது. நீங்களும் விற்பவரும் கதைப்பதற்குத் தடையில்லை. அதற்கு நல்ல வழி எஸ்டேட் ஏஜென்ட். அவர் விற்பவரின் ஆள்தான். ஆனாலும் விற்பனை முடிந்தால்தான் அவருக்குக் கமிஷன். சங்கிலியில் உள்ள எல்லாருக்கும் தொலைபேசி எடுக்கக்கூடியவரும் அவரே. "இந்தத் திகதியில் இந்தக் கேள்விகள் போயின, இன்னும் பதில் இல்லை" என்று அவரிடம் குறிப்பாகச் சொன்னால், விற்பவர் தன் சொலிசிட்டரைக் கேட்பார்.

செலவில்லாத வழி இது. தாமதங்களில் பெரும்பகுதிக்கு இதுவே போதும்.

இரண்டு: தடையைச் சுற்றிப் போங்கள்

மூன்றாம் தரப்பு இழுக்கும்போது இது பொருந்தும். கவுன்சிலின் சர்ச் சில இடங்களில் சில நாளில் வரும், சில இடங்களில் பல கிழமை எடுக்கும். அப்போது தனியார் சர்ச் கம்பெனியை அனுப்பி அதே பதிவுகளைப் பார்க்கச் சொல்லலாம். பல வங்கிகள் இதை ஏற்கின்றன. சர்ச்சுக்குப் பதிலாகக் காப்புறுதி எடுப்பது இன்னொரு வழி. அது பின்னால் வரும் நட்டத்துக்குப் பணம் தரும், ஆனால் வாசலுக்கு முன்னால் தெரு வரப்போகிறதா என்று சொல்லாது. கடனில் வாங்கினால் வங்கியின் சம்மதமும் வேண்டும்.

பழைய மாடி அறைக்கோ பின்பக்கக் கட்டடத்துக்கோ கட்டட ஒழுங்குச் சான்றிதழ் இல்லாமல் கோப்பு நிற்பது மிகச் சாதாரணம். முடிந்த வேலைக்குப் பின்னர் தரும் சான்றிதழை விற்பவர் கவுன்சிலிடம் கேட்கலாம். ஆய்வாளர் வந்து சுவரையோ தளத்தையோ திறந்து பார்க்கச் சொல்லலாம், நாளும் ஆகும். அல்லது இழப்பீட்டுக் காப்புறுதி எடுக்கலாம். ஒரு தடவை கட்டினால் போதும், ஓரிரு நாளில் முடியும். இரண்டும் ஒன்றல்ல. காப்புறுதி காப்பது கவுன்சில் நடவடிக்கை எடுத்தால் வரும் செலவை மட்டும். உத்தரம் பலவீனமாக இருந்தால் அதற்கு ஒரு பென்னியும் வராது. ஆகவே கட்டடம் உறுதியானது என்று சர்வேயர் சொன்ன பிறகே காப்புறுதிக்குச் சம்மதியுங்கள். இன்னொன்று: நீங்களோ ஏஜென்டோ அவசரப்பட்டுக் கவுன்சிலுக்கு அழைத்து அந்த மாடி அறையைப் பற்றி விசாரித்துவிட்டால், பிறகு அந்தக் காப்புறுதி கிடைப்பது அரிது. எந்த வழி என்று முடிவுசெய்த பிறகே யாரும் தொலைபேசியைத் தொட வேண்டும்.

லீஸ்ஹோல்ட் பிளாட்டில் ஆக அதிகம் இழுப்பது நிர்வாகக் கம்பெனி தர வேண்டிய தகவல் கட்டு, எல்பிஇ1 என்ற படிவம். சேவைக் கட்டணம், வரப்போகும் பெரிய திருத்த வேலைகள் எல்லாம் அதில்தான் இருக்கும். அதைக் காசு கட்டிக் கேட்க வேண்டியவர் விற்பவர். விலை பேசும்போதே "கட்டுக்கு விண்ணப்பித்துவிட்டீர்களா?" என்று ஏஜென்டிடம் கேளுங்கள். இதைச் சுற்றிப் போகக் குறுக்குவழி கிடையாது.

மூன்று: முறைப்படி முறையிடுங்கள்

உங்கள் சொலிசிட்டர் பதிலே சொல்லாமல் இருந்தால் அந்த நிறுவனத்தின் முறைப்பாட்டுப் பொறுப்பாளருக்கு எழுதலாம். அவர் பெயர், வேலை தொடங்கியபோது உங்களுக்கு வந்த கடிதத்தில் இருக்கும். எட்டுக் கிழமைக்குள் பதில் வராவிட்டாலோ பதில் திருப்தியில்லாவிட்டாலோ லீகல் ஒம்புட்ஸ்மனிடம் போகலாம். கட்டணம் இல்லை, 50,000 பவுண்டு வரை இழப்பீடு தரச் சொல்லும் அதிகாரம் அதற்கு உண்டு. நிறுவனத்தின் இறுதிப் பதில் வந்து ஆறு மாதத்துக்குள், பிரச்சினை நடந்தோ அது தெரியவந்தோ ஒரு வருடத்துக்குள் போக வேண்டும். சொலிசிட்டர் அல்லாத உரிமம் பெற்ற கன்வேயன்சர் என்றாலும் வழி இதுவே. மறுபக்கச் சொலிசிட்டரின் தாமதத்துக்கு இங்கே இடமில்லை.

ஒம்புட்ஸ்மன் உங்கள் வீட்டை முடித்துத் தரமாட்டார். நடந்ததை அவர் பின்னால் பார்ப்பவர். வேகத்துக்கு உதவுவது முதல் படிதான்: முறைப்பாட்டுக் கடிதம் போனதும் கோப்பு மேலாளர் ஒருவரின் கண்ணில் படும். திகதிவாரியாக, கோபமில்லாமல் எழுதுங்கள்.

நான்கு: சொலிசிட்டரை மாற்றுங்கள்

எல்லாருக்கும் முதலில் தோன்றுவது இது. பெரும்பாலும் கடைசியாகச் செய்ய வேண்டியதும் இதுவே. மாற்றினால் செய்த வேலைக்குப் பழையவருக்குக் காசு கட்ட வேண்டும். கட்டும்வரை கோப்பைத் தராமல் வைத்திருக்க அவருக்கு உரிமை உண்டு. "விற்பனை முடியாவிட்டால் கட்டணம் இல்லை" என்ற வாக்குறுதி மாற்றுவதற்கும் பொருந்துமா என்று, வேலை தொடங்கியபோது வந்த கடிதத்தில் பாருங்கள். புதியவர் அடையாளத்தையும் காசு வந்த வழியையும் முதலிலிருந்து பார்ப்பார், தன் கேள்விகளைத் தானே எழுப்புவார். அவர் உங்கள் வங்கியின் பட்டியலில் இருக்க வேண்டும். வங்கி அவருக்குப் புதிதாக அறிவுறுத்தல் அனுப்ப வேண்டும்.

ஆகவே சர்ச்சுக்கே இன்னும் விண்ணப்பிக்காத தொடக்க நிலையில் மாற்றுங்கள். கோப்பைப் பார்த்தவர் வேலையை விட்டுப்போய், யாரும் பொறுப்பேற்காத நிலையிலும் மாற்றலாம். இரண்டு மூன்று கேள்விகள் மட்டும் பாக்கி என்றால் மாற்றாதீர்கள். இடைவழியும் உண்டு: அதே நிறுவனத்தில் வேறொருவரிடம் கோப்பைக் கொடுக்கச் சொல்வது. காசும் போகாது, காகிதங்களும் நகராது.

ஐந்து: கெடு வையுங்கள், தேவையானால் விலகுங்கள்

உங்கள் பக்கத்தால் தாமதம், விற்பவர் கைநழுவுவார் என்ற பயம் என்றால், குறித்த காலத்துக்கு வேறு யாரிடமும் பேசுவதில்லை என்று அவரிடம் லொக்-அவுட் ஒப்பந்தம் கேட்கலாம். அது அவரை விற்கக் கட்டாயப்படுத்தாது, கொஞ்சம் மூச்சு வாங்க இடம் தரும். தாமதம் அவர் பக்கத்தில் என்றால் எக்ஸ்சேஞ்சுக்கு ஒரு திகதி சொல்லுங்கள். அது தவறினால் வேறு வீடு பார்ப்பேன் என்று ஏஜென்ட் மூலம் எழுத்தில் தெரிவியுங்கள். சொன்னால் செய்ய வேண்டும். செய்யத் துணிவில்லாவிட்டால் கெடு வைக்காதீர்கள்.

சுருக்கமாக

- காசு வந்த வழியில் சிக்கல்: எல்லா ஆவணமும் ஒரே நாளில்.
- மறுபக்கம் மௌனம்: ஏஜென்ட், விற்பவர், பிறகு கெடு.
- கவுன்சில், பழைய கட்டட வேலை: தனியார் சர்ச் அல்லது காப்புறுதி, வங்கியின் சம்மதத்தோடு.
- நிர்வாகக் கம்பெனி: விற்பவரை நெருக்குங்கள், காத்திருங்கள்.
- உங்கள் சொலிசிட்டர் மௌனம்: எழுத்தில் நான்கு கேள்விகள், முறைப்பாடு, ஆள் மாற்றம், கடைசியில் நிறுவன மாற்றம்.

இரண்டு திகதிகளை நாட்காட்டியில் குறித்து வையுங்கள். ஒன்று, மோர்ட்கேஜ் ஒஃபர் காலாவதியாகும் நாள். நீட்டிப்பு வேண்டுமென்றால் அது முடியும் முன்பே கேளுங்கள், வங்கி உங்கள் வருமானத்தைத் திரும்பப் பார்க்கலாம். மற்றது, சர்ச் ஆறு மாதம் பழசாகும் நாள். அதற்குப் பிறகு பொதுவாக வங்கிகள் ஏற்பதில்லை. எக்ஸ்சேஞ்சுக்கும் சாவிக்கும் இடையிலான தாமதம் வேறு கதை: அப்போது ஒப்பந்தம் இருப்பதால், பிந்தியவர் இழப்பீட்டு வட்டி கட்ட வேண்டிவரும்.

இன்னும் வீடு பார்த்துக்கொண்டிருப்பவர்களுக்கு வேலை எளிது. ஏஜென்ட் சொன்ன நிறுவனத்தைத்தான் எடுக்க வேண்டும் என்றில்லை. அந்தப் பரிந்துரைக்கு அவருக்குக் காசு கிடைக்கலாம். சொலிசிட்டர் நிறுவனங்கள் கட்டணத்தையும் வழக்கமான கால அளவையும் இணையத்தில் போட வேண்டும் என்ற விதி 2018 டிசம்பரிலிருந்து உண்டு. இரண்டு மூன்றை ஒப்பிடுங்கள். பிறகு தொலைபேசியில் ஒன்றே ஒன்று கேளுங்கள்: "என் கோப்பைப் பார்ப்பவர் லீவில் போனால் யார் பார்ப்பார்?" பெயர் சொல்லிப் பதில் வரும் இடத்தில் கையெழுத்து வையுங்கள்.