களை ஒழிப்பில் கணிப்பொறியின் துணை: கோதுமை வயல்

பஞ்சாபில் 'குல்லி தண்டா' என வழங்கும் ஃபலாரிஸ் மைனர் என்னும் களை, இளம்பருவத்தில் கோதுமையைப் பெரிதும் ஒத்திருக்கும். அடித்தண்டின் செந்நிறமும், கோதுமையின் இலையடியிலுள்ள காதுபோன்ற மடல்கள் இதற்கு இல்லாமையும் இதன் அடையாளங்களாம். மாணாக்கருக்கு இவற்றை வயலிலேயே காட்டுதல் நலம். களையை இனங்காணாதவர் கணிப்பொறிக்கு அளிக்கும் விவரமும் பிழையாகவே இருக்கும்.

களை நிருவாகத்திற்குரிய முடிவுத்துணை மென்பொருள், களையின் இனம், சதுர மீட்டருக்கு அதன் எண்ணிக்கை, முளைத்த காலம் முதலியவற்றைக் கொண்டு, நேரக்கூடிய விளைச்சல் இழப்பையும் மருந்துச் செலவையும் ஒப்பிட்டு யோசனை கூறுகிறது. பயிருடன் முளைத்த களை, பின்னர் முளைத்ததைவிட அதிகக் கேடு விளைவிக்கும். ஆகையால் எண்ணிக்கை மட்டும் போதாது. வரப்போரத்தில் நின்றே எண்ணிவிட்டுத் திரும்புவதும் தகாது.

இவற்றினும் முக்கியமானது வயலின் வரலாறு. பஞ்சாப், ஹரியானா மாநிலங்களில் ஆண்டுதோறும் ஐசோபுரோட்டூரான் தெளித்துவந்த வயல்களில், 1990-களின் முற்பகுதியில் இக்களை அம்மருந்துக்குக் கட்டுப்படாமற் போயிற்று. பின்னர் வந்த குளோடினாஃபாப், சல்ஃபோசல்ஃப்யூரான் ஆகியவற்றையும் எதிர்த்து நிற்கும் களைகள் தோன்றியுள்ளன. முந்தைய ஆண்டுகளில் தெளித்தவற்றைப் பதியாவிடில், பயனற்ற மருந்தையே கணிப்பொறி மீண்டும் பரிந்துரைக்கக்கூடும். பணமும் விளைச்சலும் இழப்பவர் உழவரே. புட்டியின் மேலுள்ள வணிகப் பெயரையன்று, அதிலடங்கிய மருந்தின் பெயரைக் கேட்டறிந்து பதிக. ஒரே மருந்து பல பெயர்களில் விற்கப்படுகிறது.