எத்தனை நாள் நீடித்தது என்று கேட்டார்களா?

நம்பிக்கை: மனநிலை மாறி மாறி வந்தால் அது பைபோலார்தான்.

பார்டர்லைன் ஆளுமைக் கோளாறு உள்ளவர்களில் பலர் முதலில் வாங்கிக்கொண்டு வரும் பெயர் இது. அமெரிக்காவின் ரோட் ஐலண்டில் நடந்த ஓர் ஆய்வில், அவர்களில் ஏறத்தாழ 40 சதவீதம் பேர் தங்களுக்கு முன்பு பைபோலார் என்று தவறாகச் சொல்லப்பட்டதாகக் கூறினார்கள்.

பிரித்தறிய வழி இல்லாமல் இல்லை. பைபோலாரின் உச்சநிலையான மேனியா என்றால் பொதுவாகக் குறைந்தது ஒரு வாரம் நீடிக்க வேண்டும். அதன் லேசான வடிவத்துக்கே 4 நாள் கணக்கு. பார்டர்லைனில் மனம் சில மணி நேரத்தில் புரண்டுவிடும், அதுவும் பெரும்பாலும் யாரோ ஒருவரை ஒட்டியே. வாட்ஸ்அப்பில் நீல டிக் விழுந்துவிட்டது, பதில் இல்லை. விட்டுப் போய்விட்டான் என்ற பயம், விடாமல் போன், கத்தல். "மீட்டிங்ல இருந்தேன்மா" என்று அவன் சொன்னதும் அத்தனையும் வடிந்து, தன்மேலேயே வெறுப்பு. சாயங்காலத்துக்குள் எல்லாம் முடிந்திருக்கும்.

எவ்வளவு நேரம் இருந்தது, அதற்கு முன் என்ன நடந்தது என்று கேட்காமல் 'மூட் ஸ்விங்' என்று மட்டும் குறித்துக்கொண்டால், பைபோலாருக்கான லித்தியம் எழுதிய சீட்டு கைக்கு வந்துவிடும். பார்டர்லைனுக்கென்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எந்த மருந்தையும் அங்கீகரிக்கவில்லை. முதன்மைச் சிகிச்சை பேச்சுவழி உளச்சிகிச்சைதான். ஒருவருக்கே பைபோலார், பார்டர்லைன் இரண்டும் இருப்பதும் உண்டு. அவசரத் தீர்ப்பு கூடாது என்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

நம்பிக்கை: எல்லாம் வளர்ப்பில் வந்த கோளாறு.

சிறுவயதுக் கொடுமையும் புறக்கணிப்பும் பலருடைய கதையில் இருக்கின்றன, எல்லோருடைய கதையிலும் இல்லை. ஸ்வீடன் மக்கள்தொகைப் பதிவேடுகளை வைத்து நடந்த ஆய்வு, பரம்பரையின் பங்கை 46 சதவீதம் என்று கணக்கிட்டது. சட்டென்று கொந்தளிக்கும் மனத்தோடு பிறந்த குழந்தையிடம், "இதுக்கெல்லாமா அழுவாங்க?" என்றே வீடு சொல்லிக்கொண்டிருந்தால் இரண்டும் சேர்ந்து வினையாகும் என்கிறார் உளவியலாளர் மார்ஷா லைனஹன். அம்மாக்களைக் கூண்டில் ஏற்றத் துடிப்பவர்கள் இந்த 'இரண்டும்' என்பதைக் கவனிக்க வேண்டும்.

நம்பிக்கை: இது பெண்களின் நோய்.

மருத்துவமனைக்கு வருபவர்களில் பெண்கள் அதிகம். ஆனால் 2008இல் வெளியான அமெரிக்கத் தேசிய ஆய்வில் ஆண்களின் விகிதமும் ஏறக்குறைய அதே அளவுதான். ஆணின் கொந்தளிப்புக்கு நாம் கோபம், குடி என்று வேறு பெயர் வைத்துவிடுகிறோம்.

நம்பிக்கை: திருந்தவே மாட்டார்கள்.

லைனஹனே 1961இல், 17 வயதில், அமெரிக்காவின் ஹார்ட்ஃபர்டில் மனநல மருத்துவமனையில் அடைபட்டவர். ஸ்கிசோஃப்ரினியா என்றார்கள், மின் அதிர்ச்சியும் கொடுத்தார்கள். தனக்கு இருந்தது பார்டர்லைன்தான் என்பது பிற்பாடு அவருடைய கணிப்பு. இன்று இந்தக் கோளாறுக்கு அதிகம் ஆராயப்பட்ட பேச்சுவழிச் சிகிச்சையான டிபிடியை (டயலெக்டிகல் பிஹேவியர் தெரபி) உருவாக்கியவர் அவர். தன் கதையை 2011இல்தான் வெளியே சொன்னார்.

ஆய்வாளர் மேரி சனரினி 290 பார்டர்லைன் நோயாளிகளை 10 ஆண்டுகள் பின்தொடர்ந்தபோது, 93 சதவீதம் பேருக்கு அறிகுறிகள் குறைந்தது 2 ஆண்டுகளாவது அடங்கியிருந்தன. வேலையும் உறவும்கூட நிலைபெற்றவர்கள் பாதிப் பேர்தான்.